எலக்ட்ரானிக் லக்கேஜ் டேக் வாங்கலாமா? கோவையிலிருந்து அடிக்கடி பறப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பனியன் கம்பெனிகளின் மார்க்கெட்டிங் ஆட்கள், பம்ப்செட் விற்கிறவர்கள், மில் மெஷின்களைப் பொருத்திக் கொடுக்கப் போகிறவர்கள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். நானும் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மார்க்கெட்டிங் பார்ப்பதால், இவர்களோடு பீளமேடு விமான நிலையத்தில் உட்கார்ந்து பேச நேரம் நிறையக் கிடைக்கிறது. இப்போது எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். காகித டேக்குக்குப் பதிலாகப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும் எலக்ட்ரானிக் டேக் வாங்கலாமா? நாமே செக்-இன் செய்துகொள்வதால் உண்மையில் நேரம் மிச்சமாகிறதா?

இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. செக்-இன்னைப் போனிலேயே முடித்துவிடுவது, தனியாகப் போகிறவருக்கு ஏறக்குறைய எப்போதும் லாபம். எலக்ட்ரானிக் டேக், கோவையிலிருந்து கிளம்புகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் உதவும். மற்றவர்கள் அதில் பாதிப் பணத்துக்கு, பெட்டி இருக்குமிடத்தைப் போனில் காட்டும் ஒரு டிராக்கர் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வரிசை குறைகிறது?

விமான நிலையத்தில் நம் நேரம் நான்கு இடங்களில் போகிறது: நுழைவாயில், பெட்டி கொடுக்கும் இடம், பாதுகாப்புச் சோதனை, விமானத்தில் ஏறும் வாசல். புதிதாக வரும் ஒவ்வொரு வசதியும் இதில் ஒன்றிரண்டை மட்டும்தான் குறைக்கிறது. முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்ரா 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, 2024-ல் கோவைக்கும் வந்தது. அது நுழைவாயிலிலும் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையும் இடத்திலும் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். பெட்டியை எடை போட்டு வாங்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெப் செக்-இன் செய்தவரிடம் கைப்பை மட்டும் இருந்தால், இரண்டாவது வரிசையே அவருக்குக் கிடையாது. பெட்டி இருந்தால் வரிசை இருக்கிறது, கொஞ்சம் வேகமாக நகரும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் டேக் மிச்சப்படுத்துவது அதற்குள்ளும் ஒரு சின்னத் துண்டு: ஊழியர் டேக்கை அச்சடித்துக் கைப்பிடியில் ஒட்டும் அந்த அரை நிமிடம். பெட்டியை எடை போடத்தான் வேண்டும், பெல்ட்டில் வைக்கத்தான் வேண்டும். அதற்கென்று தனியாக, பெட்டியை நாமே போடும் டிராப் இயந்திரமோ தனி வரிசையோ இல்லாத விமான நிலையத்தில், டேக் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் நமக்கு முன்னால் நிற்கும் குடும்பத்தின் ஆறு பெட்டிகள் போன பிறகுதான் நம் பெட்டி போகும். விலைக்கு முன்னால் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

போனில் செக்-இன்

உள்நாட்டு விமானங்களில் வெப் செக்-இன் பெரும்பாலும் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறது. கொரோனா நேரத்தில், 2020 மே மாதம் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, இது கட்டாயமாகவே இருந்தது. லக்கேஜ் டேக்கையும் வீட்டிலேயே அச்சடித்து வரச் சொன்னார்கள். முடியாதவர்கள் கெட்டித் தாளில் பி.என்.ஆர். எண்ணையும் பெயரையும் எழுதிக் கயிற்றில் கட்டி வந்தார்கள். பிறகு கட்டாயம் போனது, பழக்கம் நின்றுவிட்டது. கவுன்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் தனிக் கட்டணம் என்று சில நிறுவனங்கள் வாங்கிக்கொண்டிருந்ததை 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. ஆகவே கவுன்டருக்குப் போனால் பணம் கட்ட வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் யாரும் வெப் செக்-இன் செய்ய வேண்டியதில்லை.

நேரத்துக்காகச் செய்யலாம். திருப்பூரிலிருந்து காலை விமானத்தைப் பிடிக்கிறவர் விடியுமுன்பே கிளம்புகிறார். உள்நாட்டுக் கவுன்டர் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். அவிநாசி ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் போதும், அந்தக் கணக்கு தவறிவிடும். கையில் போர்டிங் பாஸும் 7 கிலோ பையும் மட்டும் இருக்கிறவருக்கு அந்தப் பதற்றம் பாதியாவது குறைகிறது. டெல்லி போய் மறுநாள் திரும்பும் வேலைக்கு 7 கிலோ தாராளமாகப் போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செக்-இன் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது காசு கட்டும் இருக்கைகள்தான். இருக்கை தேர்ந்தெடுக்காமல் தாண்டிப் போகும் பொத்தான் எங்கோ கீழே இருக்கும். அதைத் தேடி அமுக்கினால் எஞ்சியதில் ஓர் இருக்கை இலவசமாகக் கிடைக்கும். நடு சீட்டாக இருக்கலாம், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது பெரிய விஷயமில்லை. காலை நீட்ட இடம் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்கள் இதில் இன்னொரு சிக்கல். டிக்கெட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசியில். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு அப்படிப் புரியாது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் டிஜி யாத்ரா போர்டிங் பாஸை ஏற்காமல் நம்மைச் சாதாரண வாசலுக்கு அனுப்பிவிடும். கம்பெனிக்காரர்கள் டிக்கெட் போடும் டிராவல்ஸ் ஆபீஸுக்கு ஆதார், பாஸ்போர்ட் இரண்டின் நகலையும் ஒருமுறை கொடுத்து, உள்நாட்டுக்கு எது, வெளிநாட்டுக்கு எது என்று சொல்லி வைத்துவிடுவது, எந்த எலக்ட்ரானிக் கருவியையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பயணத்தில் கதை வேறு. சார்ஜாவோ சிங்கப்பூரோ, போனில் செக்-இன் முடிந்தாலும் விசாவையும் பாஸ்போர்ட்டையும் ஊழியர் ஒருவர் பார்த்தாக வேண்டும். வெப் செக்-இன் அங்கே இருக்கையை உறுதி செய்யும் வேலையை மட்டும்தான் செய்கிறது.

கியோஸ்க்கில் டேக் அடித்து ஒட்டுவது

பெங்களூரு, டெல்லி போன்ற பெரிய நிலையங்களில் இப்போது இயந்திரமே லக்கேஜ் டேக்கை அச்சடித்துக் கொடுக்கிறது. அதை நாமே ஒட்டி, பெட்டியை நாமே பெல்ட்டில் வைத்துவிடலாம். டெல்லியில் 2024-ல் முதல் முனையத்திலும் மூன்றாம் முனையத்திலும் இப்படிப்பட்ட இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். அடிக்கடி பறக்கிறவருக்கு இது நல்ல வசதி. செலவு இல்லை, எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், இரண்டாவது தடவையே கை பழகிவிடும்.

டேக்கை எப்படி ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நீளத் தாளில் ஒரு பத்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் டேக்கின் வகை, அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண் (ஏர் இந்தியாவுக்கு 098, லுஃப்தான்சாவுக்கு 220), கடைசி ஆறும் பெட்டியின் வரிசை எண். பெட்டி கீழே பெல்ட்டுகளில் ஓடும்போது ஸ்கேனர்கள் பார்ப்பது இந்தப் பார்கோடை மட்டும்தான். கைப்பிடியில் வளையமாகச் சுற்றி, இரு முனைகளும் பிசகாமல் சேரும்படி ஒட்ட வேண்டும். சுருங்கி ஒட்டினால் கோடுகள் மடிந்துவிடும், ஸ்கேனர் படிக்காது, பெட்டி ஒதுக்குப்புறமாகப் போய்க் கையால் ஸ்கேன் செய்ய ஆள் வரும்வரை காத்திருக்கும். இணைப்பு விமானத்தைப் பெட்டி தவறவிடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பழைய டேக்கைக் கிழிக்காமல் விடுவதும் அதே அளவு ஆபத்து. பயண அடையாளம் போலப் பழைய டேக்குகளைப் பெட்டியில் தொங்கவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நீளமான டேக்கைக் கிழிப்பதோடு வேலை முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டும் கட்டைவிரல் அகலச் சின்ன ஸ்டிக்கரிலும் அதே பார்கோடு இருக்கிறது. அதையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கிழித்துக் கையில் கொடுக்கும் ரசீதுத் துண்டையோ, அது போனில் வந்தால் அதன் படத்தையோ, பெட்டி கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பெட்டி வராவிட்டால் நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

இந்த இயந்திரங்கள் எல்லோருக்கும் ஏற்றவையா என்றால், இல்லை. பெங்களூரில் ஒருமுறை காசிக்குப் போகும் நம் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு குழுவாக நின்றிருந்தார்கள். கியோஸ்க் முன்னால் மஞ்சப்பையும் சூட்கேசுமாக நின்ற ஓர் அம்மா, "கண்ணு, இதுல எங்கீங்க அமுக்கோணும்? அமுக்க அமுக்க மறுக்கா மொதல்ல இருந்தே வருதுங்க" என்றார். பி.என்.ஆர். எண்ணில் சுழியத்துக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மாற்றி மாற்றி அடித்திருக்கிறார். திரையில் தமிழும் இல்லை. அடித்துக் கொடுத்து டேக்கை ஒட்டிவிட்ட பிறகு, "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கணமே "மத்த பத்துப் பேருக்கும் நீதான் பண்ணிக் குடுக்கோணும்" என்றார். எல்லோருக்கும் செய்து கொடுத்துவிட்டுத்தான் போனேன். அந்த இடத்தில் ஒரு கவுன்டரும் ஓர் ஊழியரும் இருந்திருக்க வேண்டும். இயந்திரம் வைக்கிறோம் என்று கவுன்டரை மூடுவது பெரியவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எலக்ட்ரானிக் டேக்

இனி விலை கொடுத்து வாங்கும் டேக். மின்புத்தகம் படிக்கும் கருவிகளில் இருக்கும் அதே வகை இ-இங்க் திரை. ஒருமுறை எழுத்து விழுந்துவிட்டால் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும். விமான நிறுவனத்தின் செயலியில் செக்-இன் முடித்து, போனை டேக் அருகே கொண்டுபோனால், அந்தப் பயணத்துக்கான பார்கோடும் ஊர்க்குறியீடும் திரையில் வந்துவிடும். அடுத்த பயணத்துக்கு அடுத்த பார்கோடு. ஈரத்தில் கிழிவதில்லை, மடிவதில்லை, பழைய டேக் குழப்பம் அறவே இல்லை. பொருளாக இது நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன்.

இது வந்த விதத்தைப் பார்த்தால் நமக்கு ஏன் இன்னும் பொருந்தவில்லை என்பது புரியும். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2011-லேயே திரை இல்லாத, ரேடியோ அலையில் படிக்கும் நிரந்தர டேக்கை உள்நாட்டுப் பயணிகளுக்குக் கொண்டுவந்தது. ஒரே நிறுவனம், ஒரே நாடு, அதைப் படிக்கும் டிராப் இயந்திரங்களும் அவர்களுடையவை. அதனால் அங்கே நன்றாக ஓடியது. 2016-ல் ரிமோவா என்னும் ஜெர்மன் பெட்டி நிறுவனம் லுஃப்தான்சாவோடு சேர்ந்து பெட்டியிலேயே பதித்த எலக்ட்ரானிக் டேக்கை விற்றது, பின்னர் நிறுத்திவிட்டது. விலை உயர்ந்த பெட்டிகளை வாங்கியவர்கள் கையில் பயன்படாத திரைதான் மிச்சம். 2022-ல் அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ், பேக்டேக் என்னும் டச்சு நிறுவனத்தின் டேக்கை அறிவித்தது. அதற்குப் பேட்டரியே கிடையாது, போனிலிருந்து வரும் சக்தியே போதும். விலை 70 டாலர் அளவில், அதாவது நம் கணக்கில் ஆறாயிரம் ரூபாயை ஒட்டி.

இந்த வரலாற்றில் எங்கே பார்த்தாலும் விமான நிறுவனம் ஒத்துக்கொண்டால்தான் டேக்குக்கு உயிர். நாம் கோவையில் ஏறும் உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்கு ஒட்டுவது காகித டேக்தான். ஒரு கரூர்க்காரரை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு மேஜை விரிப்பும் திரைச்சீலையும் சாம்பிளாக எடுத்துப் போகிறார். கோவையிலிருந்து பெங்களூருக்கு ஒரு நிறுவனத்தின் டிக்கெட், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் தனி டிக்கெட். முதல் பயணத்துக்குக் காகித டேக். பெங்களூரில் பெட்டியை எடுத்து, பழைய டேக்கைக் கிழித்து, மறுபடி செக்-இன் செய்யும்போதுதான் எலக்ட்ரானிக் டேக்குக்கு வேலை வருகிறது. அங்கேயும் விசா பார்க்க ஊழியர் முன்னால் நின்றே ஆக வேண்டும். அவர் கையிலேயே பிரின்டர் இருக்கிறது. திரும்பி வரும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் பெட்டியை இயந்திரத்தில் போட்டுவிட்டு வரலாம், அங்கே லாபம் உண்டு. இந்தியாவில் இறங்கிய முதல் ஊரில் சுங்கத்துக்காகப் பெட்டியை எடுத்து, கோவை விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும். மறுபடி காகிதம்.

ஆகவே, யார் வாங்கலாம்? வீடு இங்கே இருந்தாலும் வேலை ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்து, அங்கேயே ஊர் ஊராக ஒரே விமானக் குழுமத்தில் பறக்கிறவர் வாங்கலாம். தன் நிறுவனத்தின் செயலியில் எலக்ட்ரானிக் டேக் என்ற வசதி இருக்கிறதா, தான் போகும் நிலையங்களில் தானியங்கி டிராப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். கோவை–மும்பை, கோவை–டெல்லி என்று ஓடுகிறவர், சார்ஜா, சிங்கப்பூர் போய் வருகிறவர் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் டிராக்கர்

அடிக்கடி பறக்கிறவரின் உண்மையான கவலை வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடமா? பெட்டி வந்து சேருமா என்பதுதான். ஒரு சாம்பிள் பெட்டி இரண்டு நாள் தாமதமானால், ஆர்டர் கொடுக்கும் பையர் முன்னால் வெறுங்கையோடு உட்கார வேண்டியதுதான். அந்த சீசன் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். விமான நிலையங்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளின்படி, 2007-ல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தாமதமாயின, சேதமாயின அல்லது தொலைந்தன. 2023-ல் அது 6.9, 2024-ல் 6.3. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. அதற்கு ஒரு காரணம், 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் 753-ஆம் தீர்மானம்: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இணைப்பில் கைமாறும்போது, திரும்பக் கொடுக்கும்போது என்று நான்கு இடங்களிலும் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. ஆனாலும் தாமதமாகிறவற்றில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இணைப்பு விமானங்களில்தான் நடக்கிறது. கோவையிலிருந்து நீண்ட தூரம் போகிறவர் யாரும் இணைப்பு இல்லாமல் போவதில்லை. அதனால் இந்த எண் நமக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இங்கேதான் எலக்ட்ரானிக் டேக்குக்கும் டிராக்கருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். எலக்ட்ரானிக் டேக், பெட்டி எங்கே போக வேண்டும் என்று விமான நிலையத்துக்குச் சொல்கிறது. டிராக்கர், பெட்டி எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்கிறது. ஆப்பிளின் ஏர்டேக் போன்ற டிராக்கர்கள் அக்கம்பக்கத்துப் போன்களின் வழியாகத் தம் இருப்பிடத்தைத் தெரிவிப்பவை; ஆகவே ஆள் நடமாட்டம் உள்ள விமான நிலையத்தில் நன்றாக வேலை செய்யும், பறக்கும்போது தகவல் வராது. ஐபோன்காரருக்கு மூவாயிரம் ரூபாய் சொச்சம். ஆண்ட்ராய்டுக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கிறது.

என்னோடு கண்காட்சிக்கு வந்த ஒரு நண்பரின் பெட்டி இடையில் மாறும் நிலையத்திலேயே நின்றுவிட்டது. "கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்" என்றுதான் கவுன்டரில் சொன்னார்கள். அவர் போனில் வரைபடத்தைத் திறந்து, எந்த முனையத்தில் புள்ளி நிற்கிறது என்று காட்டினார். பேச்சு அதோடு மாறியது. அடுத்த விமானத்தில் ஏற்ற ஏற்பாடு நடந்தது. 2024 டிசம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 18.2 முதல், அந்த இருப்பிடத்தை ஒரு இணைப்பாக விமான நிறுவனத்துக்கே அனுப்பலாம். லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை அதை ஏற்கின்றன.

பேட்டரி பற்றி ஒரு பயம் இருக்கிறது. 2022-ல் லுஃப்தான்சா முதலில் ஏர்டேக் கூடாது என்று சொல்லி, சில நாளில் ஆபத்தில்லை என்று திருத்திக்கொண்டது. உள்ளே இருப்பது கைக்கடிகாரத்தில் போடும் வகை நாணய பேட்டரிதான். பவர் பேங்க் அப்படியில்லை. அது கைப்பையில்தான் போக வேண்டும். சார்ஜ் போடும் வசதியுள்ள ஸ்மார்ட் சூட்கேஸ் வாங்குகிறவர்கள், பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று கடையிலேயே கழற்றிப் பார்த்து வாங்குங்கள். கழற்ற முடியாததைக் கவுன்டரில் வாங்க மாட்டார்கள்.

டிராக்கர் இருந்தாலும் பெட்டி வராவிட்டால் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருமுன் பி.ஐ.ஆர். என்னும் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில், விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தப்படி, சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். இழப்பீட்டின் உச்ச அளவு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி. சாம்பிளின் மதிப்பு அதைவிடப் பெரிது என்றால் பெட்டியை நம்ப வேண்டாம். முக்கியமான நாலு பீஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றதைக் கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். திருப்பூரில் அனுபவப்பட்டவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்பா அம்மாவை அனுப்பும்போது

அடிக்கடி பறக்கிறவர்கள் தமக்குப் பழகிய வழியையே பெற்றோருக்கும் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அவர்கள் விஷயத்தில் என் கருத்து முழுக்கக் கவுன்டர் பக்கம். வெப் செக்-இன்னை நீங்கள் வீட்டிலேயே செய்து, இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை போட்டு, போர்டிங் பாஸைத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பெட்டியைக் கவுன்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட்டிலேயே பதிந்துவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு டிராக்கர் போட்டு உங்கள் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் எதையும் திணிக்க வேண்டாம்.

கவுன்டருக்குப் போகச் சொல்ல இன்னொரு காரணம், பெட்டிக்குள் இருக்கும் பண்டங்கள். பேரன் பேத்திக்கு என்று நம் வீடுகளில் கட்டிக்கொடுக்காதது இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் கொப்பரை இல்லாத மூட்டை உண்டா? கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உண்டு என்று ஐயாட்டா அதை அபாயப் பொருளாக வைத்திருக்கிறது. இந்தியாவில் 2022 மார்ச் முதல் செக்-இன் பெட்டியில் அது தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. டிராப் இயந்திரம் திரையில் படங்களைக் காட்டி, இவை இல்லை என்று ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லும், படிக்காமலே அமுக்கிவிடுவார்கள். பெட்டி உள்ளே போய் எக்ஸ்ரேயில் மாட்டி, போர்டிங் நேரத்தில் பெயர் சொல்லி அழைத்து, பதற்றத்தோடு ஓட வேண்டி வரும். கவுன்டரில் இருக்கும் பெண், "அம்மா, உள்ள தேங்கா பருப்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறாள். அங்கேயே பெட்டியைத் திறந்து எடுத்து, வழியனுப்ப வந்த உங்களை வாசலுக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம்.